விபிஎன் வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

போன ஞாயிறு காலை சேலம் அஸ்தம்பட்டியில் இருந்து ஒரு போன். வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில் ஒரே ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்த்த தம்பி. அவனும் ஊர் திரும்பி ஆறு மாதம் ஆகிறது. வீட்டு நலம், காப்பி விலை எல்லாம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தான். "அண்ணா, சிக்ஸ் நேஷன்ஸ் வருதுங்க. ரெண்டு வருசமா நீங்க விபிஎன் போட்டுத்தான பார்க்கறீங்க? அதையே நானும் வாங்கிரட்டுங்களா?"

சிக்ஸ் நேஷன்ஸ் என்பது வேல்ஸ், இங்கிலாந்து, பிரான்ஸ் உட்பட ஆறு நாடுகள் வருடா வருடம் ஆடும் ரக்பித் தொடர். விபிஎன் என்பது இங்கே உட்கார்ந்துகொண்டே பிரிட்டனில் இருப்பதுபோல் இணையத்தில் காட்டிக்கொள்ள உதவும் சேவை. தம்பிக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. முந்தின நாள்தான் அந்த விபிஎன் நிறுவனத்திடம் இருந்து புதுப்பிப்புக் கட்டணம் பற்றி மின்னஞ்சல் வந்திருந்தது. அந்தச் சூட்டில் எதைச் சொன்னாலும் அது நியாயமாக இருக்காது. "எழுதி அனுப்பறேன்டா" என்றேன். எழுத எழுத நீண்டுவிட்டது. வெளிநாட்டில் பழகிய விளையாட்டை ஊருக்கு வந்த பிறகும் விட மனமில்லாதவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள், அவர்களுக்கும் உதவட்டும் என்று பொதுவில் வைக்கிறேன்.

நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் முக்கியமான குறை ஒரு நிறுவனத்தோடு நிற்பதில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வேகம் அருமை. ஏற்காட்டில் எங்கள் வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்பு 50 எம்பிபிஎஸ். விபிஎன் போட்டு லண்டன் சர்வர் வழியாகப் போனாலும் முப்பதுக்குக் குறைவதில்லை. எச்டி படத்துக்கு ஐந்தாறு போதும். ஆரம்பத்தில் ஓபன்விபிஎன் என்ற பழைய இணைப்பு முறையில் வைத்திருந்தேன், பதினைந்தைத் தாண்டவில்லை. வயர்கார்டு என்ற புதிய முறைக்கு மாற்றியதும் அந்தக் கவலை தீர்ந்தது. மழைக்காலத்தில் சில்வர் ஓக் கிளை முறிந்து கேபிள் மேல் விழுந்தால் இரண்டு நாள் இணைப்பே இருக்காது. அது மலையோடு வரும் கஷ்டம், விபிஎன் மேல் எழுதக் கூடாது.

நேரமும் நமக்குத் தோது. குளிர்காலத்தில் பிரிட்டனுக்கும் நமக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். அங்கே மாலை 4:45 ஆட்டம் என்றால் இங்கே இரவு 10:15. சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு உட்காரலாம். வெள்ளி இரவு ஆட்டங்கள்தான் கஷ்டம். 2025 ஜனவரி 31 அன்று பாரிஸில் பிரான்சிடம் வேல்ஸ் 43-0 என்று தோற்ற ஆட்டம் நமக்கு நள்ளிரவு தாண்டி 1:45க்குத் தொடங்கியது. முழுசாகப் பார்த்தேன், படம் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

என் இரண்டு வருடச் சந்தாவின் கதையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நான் பணம் கட்டியது 2024 ஜனவரி. வேல்ஸ் அணி 2023 அக்டோபரில் உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினாவிடம் தோற்றதில் தொடங்கி, 2025 ஜூலை வரை தொடர்ந்து 18 டெஸ்ட் (ரக்பியில் நாட்டு அணிகள் மோதும் ஆட்டம்) தோற்றது. அந்தப் பதினெட்டில் பதினேழு என் சந்தாக் காலத்தில் வந்தவை. இரண்டு சிக்ஸ் நேஷன்ஸிலும் ஐந்துக்கு ஐந்து தோல்வி. 2025 தொடரின் பாதியில் பயிற்சியாளர் வாரன் காட்லண்ட் விலகினார். கார்டிஃபிலேயே இங்கிலாந்து 68-14 என்று அடித்தது. ஆனாலும் ஒரு ஆட்டத்தையும் நான் வேண்டாம் என்று விட்டதில்லை. ஒன்பது வருடம் அந்த ஊர்ச் சோறு சாப்பிட்டிருக்கிறேன். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் தெரு முழுக்கச் சிவப்புச் சட்டை. அந்தக் கூட்டத்தோடு நடந்து போனவனுக்கு, அணி தோற்கும் காலத்தில் பார்க்காமல் இருப்பது சரியாகப் படாது.

சரி, குறைக்கு வருகிறேன். ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய பத்து நிமிடம்தான் அது.

விபிஎன் எப்படி வேலை செய்கிறது என்பது உனக்குத் தெரியும். நம் வீட்டில் இருந்து லண்டனில் ஒரு சர்வர் வரைக்கும் மறையாக்கம் செய்த ஒரு குழாய். ஒளிபரப்புத் தளத்துக்குத் தெரிவது நம் முகவரி அல்ல, அந்த சர்வரின் ஐபி முகவரி. அந்த ஒரே முகவரியை அதே நேரத்தில் நூற்றுக்கணக்கான பேர் பயன்படுத்துகிறார்கள். ஒரே வாசல் வழியாக இத்தனை பேர் நுழைந்தால், அது வீடு இல்லை, டேட்டா சென்டர் என்று தளம் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்ததும் அடைத்துவிடும். நிறுவனம் புது முகவரி கொண்டுவரும். அதுவும் அடைபடும். போன சனிக்கிழமை திறந்த சர்வர் இந்தச் சனிக்கிழமை திறக்கும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது.

ஆகவே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இதே பாடுதான். பத்து மணிக்கு லண்டன் சர்வர். 'உங்கள் பகுதியில் இந்த நிகழ்ச்சி கிடைக்காது' என்று வரும். மான்செஸ்டர். அதே வாசகம். உலாவியில் குக்கீயை அழித்து, புது ஜன்னல் திறந்து, மறுபடி லண்டன், ஆனால் வேறு எண். அதற்குள் மணி 10:11. அங்கே எழுபதாயிரம் பேர் எழுந்து நின்று தேசிய கீதம் பாடுகிறார்கள். கார்டிஃப் மைதானத்தில் கூரையை மூடிவிட்டு அவர்கள் பாடுவதை ஒரு தடவை நேரில் கேட்டவனுக்கு, ஆட்டத்தைவிட அந்த இரண்டு நிமிடம் பெரிது. இரண்டு வருடத்தில் கீதத்தை முழுசாகக் கேட்டது நான்கு முறைதான். எண்ணி வைத்திருக்கிறேன்.

நடு ஆட்டத்திலும் ஒரு முறை கைவிட்டது. 2024 பிப்ரவரி 3, கார்டிஃபில் ஸ்காட்லாந்தோடு ஆட்டம். இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடத்தில் 27-0. அப்பா படுக்கப் போய்விட்டார். அப்புறம் வேல்ஸ் திருப்பி அடிக்கத் தொடங்கியது. ஜேம்ஸ் போத்தம், ரியோ டயர், ஏரன் வெய்ன்ரைட் என்று வரிசையாக மூன்று ட்ரை, அதாவது பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது. நான் எழுந்து நின்றுவிட்டேன். படம் உறைந்தது. விபிஎன் இணைப்பு அறுந்திருந்தது. அறுந்தால் முழு இணையத்தையும் நிறுத்துவதுதான் கில் ஸ்விட்சின் வேலை, அது தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. மறுபடி பிடித்து உள்ளே போனபோது திரையில் 27-26. அலெக்ஸ் மான் என்ற இளைஞர் நாட்டுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே போட்ட நான்காவது ட்ரையை நான் நேரலையில் பார்க்கவில்லை. ஒரு புள்ளியில் தோற்றோம். அந்த ட்ரையை மறுநாள் காலையில் பார்த்தேன், ஆனால் அது வேறு.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். கார்டிஃப் நண்பர்களின் வாட்ஸப் குழுவில் 'ட்ரை!' என்று செய்தி வந்து அரை நிமிடம் கழித்துத்தான் என் திரையில் ட்ரை விழும். ரொம்ப நாள் இதற்கும் விபிஎன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். அது தப்பு. இணைய ஒளிபரப்பு படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது. பிளேயர் சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகே ஓட்டுகிறது. கார்டிஃபிலேயே இணையத்தில் பார்ப்பவர், ஆன்டெனாவில் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரரைவிடப் பின்னால்தான் இருப்பார். விபிஎன் இதில் கூட்டுவது கால் நொடிகூட வராது. இப்போதெல்லாம் ஆட்டம் முடியும்வரை என் போன் வீட்டுக்காரியிடம் இருக்கும்.

வங்கி விஷயமும் அப்படித்தான். ராத்திரி விபிஎன்னை அணைக்க மறந்து, காலையில் வங்கி ஆப்பைத் திறந்தேன். லண்டனில் இருந்து யாரோ நுழைகிறார்கள் என்று கணக்கைப் பூட்டிவிட்டார்கள். திறக்க மலையிறங்கி சேலம் போக வேண்டியிருந்தது. எந்த ஆப் விபிஎன் வழியாகப் போகலாம், எது போகக் கூடாது என்று பிரித்து வைக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. வாங்கினால் முதல் நாளே அதைச் செய்துவிடு.

இனி, நான் எதிர்பாராத ஒரு சந்தோஷம். ஆங்கில ஒளிபரப்பு திறக்காத ஒரு ராத்திரி எஸ்4சி திறந்தது. அது வெல்ஷ் மொழிச் சேனல். 1980இல் அந்தச் சேனலைத் தருவதாகச் சொன்ன வாக்கில் இருந்து பிரிட்டன் அரசு பின்வாங்கியபோது, க்வின்வோர் எவன்ஸ் என்ற வெல்ஷ் அரசியல் தலைவர் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று அறிவித்தார். அரசு இறங்கி வந்தது. 1982இல் சேனல் தொடங்கியது. அங்கே இருந்த ஒன்பது வருடத்தில் நான் அதை ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை. இங்கே வந்துதான் கேட்டேன், அதுவும் அப்பாவால்.

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆங்கில வர்ணனை ஓடும்போது என்னைத்தான் பார்ப்பார், நான் மொழிபெயர்க்க வேண்டும். வெல்ஷ் வர்ணனை வந்த அன்று, "இது என்ன பாஷை?" என்றார். எனக்கும் தெரியாது என்றதும் திரையைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒன்று. ட்ரை விழுந்தால் வர்ணனையாளர் 'கைஸ்' என்று கத்துவார். வெல்ஷில் ட்ரைக்கு அதுதான் பேர். நாட்டின் பேர் 'கம்ரி'. இந்த இரண்டு சொல்லும் இப்போது எங்கள் வீட்டில் புழங்குகிறது. ஸ்க்ரம் (இரண்டு அணி ஆட்களும் கோத்துக்கொண்டு பந்துக்காக எதிரெதிரே தள்ளுவது) போடும்போது, "சேத்துல மாட்டுன லாரியத் தள்ற மாதிரி தள்றானுங்க. ஆனா எதுத்தாப்புலயும் எட்டுப் பேர் தள்றான் பாரு" என்பார். அதைவிடச் சரியாக ஸ்க்ரமை எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

2025 ஜூலை 12, ஜப்பானில் கோபே நகரம். நமக்குப் பகல் நேரம், தோட்டத்தில் களை எடுக்கும் ஆட்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தோம். அன்றைக்கு முதல் சர்வரே திறந்தது. 31-22. வேல்ஸ் ஜெயித்தது. அப்பா என் தோளைத் தட்டி, "கைஸ்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது நீ கேட்காத ஒன்று. இது சரியா? இந்தியாவில் விபிஎன் பயன்படுத்தத் தடை இல்லை. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் கொண்டுவந்த உத்தரவு, வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்று நிறுவனங்களுக்குச் சொல்வது. அதனால் பல நிறுவனங்கள் இங்கிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. ஆனால் ஒளிபரப்புத் தளங்களின் விதி வேறு: பிரிட்டனுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். பிபிசியின் இணையத் தளமான ஐபிளேயருக்கு டிவி லைசென்ஸும் வேண்டும், 2025 ஏப்ரலில் அது வருடத்துக்கு 174.50 பவுண்டு ஆனது. அங்கே இருந்தவரை ஒரு வருடம் தவறாமல் கட்டினேன். இப்போது கட்டத் தயார் என்றாலும் எனக்கு அங்கே முகவரி இல்லை. இங்கேயே முறையாகக் கிடைக்கும் ஆட்டங்களை இங்கேயே பணம் கட்டித்தான் பார்க்கிறேன். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டங்களுக்கு உலக ரக்பி அமைப்பின் ரக்பிபாஸ் டிவி இருக்கிறது, அது இலவசம். மற்ற ஆட்டங்களுக்குத்தான் இந்தக் குழாய்.

என் எரிச்சலின் வேரும் இதுதான். படம் வராத ராத்திரி நான் யாரிடம் கேட்பது? தளத்திடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. விபிஎன் நிறுவனத்தின் உதவிச் சாட்டில் கேட்டால், "வேறு சர்வரை முயன்று பாருங்கள்" என்ற ஒரே பதில்தான். எந்தத் தளமும் திறக்கும் என்று நாங்கள் உறுதி தரவில்லை என்று நிபந்தனைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். விளம்பரத்தில் மட்டும் மைதானமும் பந்தும் படமாக இருக்கும். முழுப் பணமும் கட்டிவிட்டு, வாசலில் நின்று திறக்குமா திறக்காதா என்று பார்த்துக்கொண்டிருப்பது வயதானவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யக்கூடிய காரியம் இல்லை.

அதற்கு மேல் அந்த மின்னஞ்சல். இரண்டு வருடத்துக்கு முன் நான் கட்டிய தொகை சுமார் ஆறாயிரம் ரூபாய். இப்போது புதுப்பிக்க ஒரே வருடத்துக்கு எட்டாயிரத்துக்கு மேல். அதே பக்கத்தில் புதிதாக வருகிறவர்களுக்குப் பழைய விலை அப்படியே இருக்கிறது. பதினேழு தோல்வியையும் கூடவே இருந்து பார்த்தவனுக்குக் கிடைத்த மரியாதை இது. ரத்து செய்கிறேன் என்று எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பாதி விலைக்குத் தருகிறோம் என்றார்கள். முதலிலேயே அந்த விலையைச் சொல்லியிருந்தால் நான் கேள்வியே கேட்டிருக்க மாட்டேன்.

வேகம் நன்று, வசதிகள் நன்று, அப்பாவுக்கு ஒரு விளையாட்டும் எனக்கு ஒரு மொழியின் இரண்டு சொல்லும் கிடைத்தன. ஆனாலும் சொல்கிறேன்: வாங்காதே. நான் வருடச் சந்தாவை ரத்து செய்துவிட்டு, பிப்ரவரி, மார்ச் இரண்டுக்கும் மாதச் சந்தாவாகக் கட்டியிருக்கிறேன். அதுவும் அப்பா, "கம்ரி எப்ப ஆடறான்?" என்று கேட்டதால்.

பிப்ரவரி 7 சனிக்கிழமை, லண்டன் ட்விக்கனத்தில் இங்கிலாந்தோடு முதல் ஆட்டம். நமக்கு இரவு பத்துக்கு மேல். வீட்டில் சொல்லிவிட்டு இங்கேயே தங்கும்படி வந்துவிடு. நாலு ரோட்டில் தட்டு வடை செட்டு கட்டி வாங்கிக்கொள், அப்பாவுக்குக் காரம் கம்மியாக. நாலு மணிக்கெல்லாம் அடிவாரத்தைத் தாண்டிவிடு. இருட்டிவிட்டால் மேல் வளைவுகளில் மூடுபனி இறங்கிவிடும், வண்டி ஓட்ட முடியாது.