புதுச்சேரியா, ஃபோர்ட் கொச்சியா, தரங்கம்பாடியா? மதுரையிலிருந்து இரண்டு நாளுக்குக் கிளம்பும் மாணவர்களுக்கு

கொடைக்கானல் வேண்டாம் என்பதில் மட்டும் எங்கள் குழுவில் எல்லோரும் ஒத்துப்போனோம். மதுரையில் காலேஜ் படிக்கிற யாருக்கும் அது பழகிய மலை. பைக்கை எடுத்தால் வத்தலக்குண்டு, காட்ரோடு, மேலே ஏறினால் ஏரி. இந்த முறை வெளிநாடு மாதிரி ஓர் ஊர் வேண்டும் என்று பேச்சு கிளம்பியது. கிளப்பிவிட்டது ஒரு தோழியின் அக்கா. ஜெர்மனியில் முதுகலை படிக்கிறார். வெள்ளிக்கிழமை ராத்திரி கூட்டாளிகளோடு பஸ் ஏறி, சனிக்கிழமை காலையில் பிராக் நகரத்துச் சார்லஸ் பாலத்தில் நின்று படம் அனுப்புகிறார். அங்கே தங்கிப் படிப்பவர்களுக்கு ஷெங்கன் என்ற பொது விசா ஏற்பாட்டில் சேர்ந்த ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வரத் தனி விசா தேவையில்லை. இங்கிருந்து போகும் நமக்கோ விசாக் கட்டணமே 90 யூரோ. அதற்கு மேல் காப்பீடு, வங்கிக் கணக்கில் காட்ட வேண்டிய பணம், விமான டிக்கெட்.

ஆகவே ஐரோப்பியர்கள் இங்கே வந்து கட்டிய ஊர்களில் ஒன்றைப் பிடிப்பது என்று முடிவானது. பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி, போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கை மாறிய ஃபோர்ட் கொச்சி, டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடி. போனது புதுச்சேரிக்கு. இனி எவர் கேட்டாலும் அதையே சொல்வேன். மூன்று ஊரிலும் கடல் இருக்கிறது, கோட்டை கொத்தளக் கதை இருக்கிறது, பழைய தேவாலயம் இருக்கிறது, மீன் சாப்பாடு இருக்கிறது. அதில் உயர்வு தாழ்வு பேசிப் பயனில்லை. முடிவு செய்தது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எப்படித் திரும்புவது என்ற ஒரே கேள்விதான். அதற்கு வருகிறேன்.

முதலில் தரங்கம்பாடி. அமைதி வேண்டுமென்றால் மூன்றில் இதற்கு ஈடில்லை. 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் வந்து இறங்கிய இடம். டேன்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. ஊருக்குள் நுழைய 1792ல் கட்டிய வளைவு வாசல். ராஜ வீதியில் நடந்தால் 1718ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். 1706ல் வந்து தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்துத் தமிழிலேயே புத்தகம் போட்ட ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். மதுரைக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது கரையோரத்து மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. டேனிஷ் கப்பல் வருவதற்கு முந்நூறு ஆண்டுக்கு முன்பே நம் ஊர் ராஜா அங்கே கை வைத்திருக்கிறார்.

ஆனால் ஒரு பகல் போதும். கோட்டை, ஆலயம், வாசல், கோயில் எல்லாம் கூப்பிடு தூரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மாணவர்கள் கைக்கு எட்டுகிற தங்குமிடம் குறைவு. பொழுது சாய்ந்ததும் ஊர் அடங்கிவிடும். எட்டுப் பேர் பாட்டும் பேச்சுமாகச் சுற்ற அது தோதான இடமில்லை, அங்கே குடியிருப்பவர்களுக்கும் அது நல்லதில்லை. திரும்பும்போது மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று பஸ் மாறி மாறி வர வேண்டும்.

ஃபோர்ட் கொச்சி வேறு ரகம். நான் அங்கே வீட்டாரோடு போயிருக்கிறேனே தவிர நண்பர்களோடு போனதில்லை. அதனால் தங்கும் இடம் பற்றி என் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்ப்பதற்கு உள்ளதை வைத்துச் சொன்னால் புதுச்சேரியைவிட ஒரு படி மேல். 1524ல் கொச்சியில் செத்துப்போன வாஸ்கோ ட காமாவை முதலில் புதைத்த செயின்ட் பிரான்சிஸ் தேவாலயம் அங்கே இருக்கிறது. எலும்புகளைப் பிறகு போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், கல்லறை இருந்த இடம் மட்டும் தரையில் தெரியும். மட்டாஞ்சேரியில் 1568ல் கட்டிய யூதர் ஜெபக்கூடம். பக்கத்திலேயே அரண்மனை: போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்து, டச்சுக்காரர் பழுது பார்த்ததால் டச்சு அரண்மனை என்று பெயர் வாங்கியது. சாயங்காலம் சீன வலையைக் கயிறும் கல்லுமாக இழுத்துத் தூக்கும்போது பின்னால் சூரியன் கடலில் இறங்கும். எர்ணாகுளத்திலிருந்து படகில் சில்லறைக் காசுக்கு அக்கரை போகலாம். 2023ல் தொடங்கிய வாட்டர் மெட்ரோவும் இருக்கிறது. ஒரு சங்கடம்: யூதர் ஜெபக்கூடம் வெள்ளி, சனி இரண்டு நாளும் பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை. வார இறுதியில் போகிறவர்கள் அதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்க வேண்டும். அப்போதுதான் திரும்புகிற கவலையும் சேர்ந்துகொள்கிறது.

மதுரையிலிருந்து எர்ணாகுளத்துக்கு அமிர்தா எக்ஸ்பிரஸ் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பிற்பகல் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அது மதுரையை விட்டுக் கிளம்பிவிடுகிறது. பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு என்று சுற்றி நடுராத்திரி தாண்டி எர்ணாகுளத்தில் இறக்கும். திரும்பும்போது நடுராத்திரி ஏறினால் திங்கட்கிழமை முதல் பீரியட் முடிந்த பிறகுதான் மதுரை. ஆரப்பாளையத்தில் பஸ் பிடித்துத் தேனி, குமுளி வழியாகப் போகலாம், போடிமெட்டு ஏறி மூணாறு வழியாகவும் போகலாம். மலைப் பாதையில் தலை சுற்றுகிறவர் ஒருவர் இருந்தால் போதும், மொத்தக் குழுவுக்கும் அந்த ராத்திரி போய்விடும். அதோடு, மதுரையில் படிக்கிற மலையாளப் பிள்ளைகள் ஊருக்குப் போவதும் அதே வெள்ளிக்கிழமைதான்.

இப்போது புதுச்சேரி. வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையிலிருந்து தெற்கே வருகிற வண்டிகளைப் பாருங்கள்: வேலை பார்க்கிறவர்கள் அத்தனை பேரும் மதுரைக்கும் நெல்லைக்கும் வந்துகொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மாட்டுத்தாவணியிலும் மதுரை ஜங்ஷனிலும் அதே கூட்டம் சென்னைக்குத் திரும்ப முட்டி மோதும். ஆம்னி பஸ்காரர்கள் கட்டணத்தை ஏற்றுவதும் இதே கணக்கில்தான். மதுரை மாணவன் புதுச்சேரிக்குப் போனால் இந்தக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போகிறான். எல்லோரும் தெற்கே வரும் வெள்ளியன்று நாம் வடக்கே. எல்லோரும் வடக்கே ஓடும் ஞாயிறன்று நாம் தெற்கே. எட்டுப் பேருக்கு ஒரே பெட்டியில் படுக்கை கிடைப்பது இந்தத் திசையில்தான் நடக்கிற காரியம்.

விழுப்புரம்தான் இதற்குச் சாவி. புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் சுமார் 40 கிலோமீட்டர். சென்னை எழும்பூரிலிருந்து மதுரை வழியாகத் தெற்கே போகும் ராத்திரி வண்டிகள் வரிசையாக அங்கே நிற்கின்றன: அனந்தபுரி, கன்னியாகுமரி, முத்துநகர், நெல்லை, பொதிகை, கடைசியில் பாண்டியன். முன்னால் வருகிற வண்டிகள் விடியாத நேரத்தில் மதுரையில் இறக்கிவிடும். பாண்டியன் மதுரையோடு முடிகிற வண்டி. விடியற்காலையில் வந்து சேரும், இறங்க மறந்து தூங்கிவிடுவோமோ என்ற பயமில்லை. விடுதிக்குப் போய்க் குளித்து, டிபன் சாப்பிட்டு, முதல் பீரியடுக்கு உட்காரலாம். இதனால் ஞாயிறு முழுவதும் கைக்கு வருகிறது. கொச்சிக்குப் போனால் ஞாயிறு மதியமே மனசு மூட்டை கட்டத் தொடங்கிவிடும்.

டிக்கெட்டில் ஒரு நுணுக்கம். முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. தேதி முடிவானதும் திரும்பும் டிக்கெட்டை முதலில் போடுங்கள், போகும் டிக்கெட்டை அப்புறம் பார்க்கலாம். விழுப்புரத்திலிருந்து மதுரைக்குக் காத்திருப்போர் பட்டியல் என்று காட்டினால், எழும்பூரிலிருந்து தேடிப் பாருங்கள். அங்கிருந்து இடம் இருந்தால் எழும்பூர்–மதுரை என்று எடுத்து, ஏறும் இடத்தை விழுப்புரம் என்று குறிக்கலாம். எழும்பூரிலிருந்து வரும் முழுக் கட்டணம் கொடுக்க வேண்டும். ஆனால் படுக்கை உறுதி. கடைசி நேரத்தில் தட்கலை நம்பினால் எட்டுப் பேரும் ஒன்றாக வருவது அதிர்ஷ்டம்தான். இந்த எதிர்த்திசைக் கணக்கு தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் செல்லாது. அப்போது சென்னைக் கூட்டம் ஞாயிறன்றும் தெற்கே வரும்.

போகும்போது ஒரு கஷ்டம் உண்டு. பாண்டியனில் போனால் விழுப்புரத்தில் இறங்குவது நல்ல தூக்கத்தின் நடுவில். ரயிலடியிலேயே உட்கார்ந்திருந்து, இருட்டு விலகும் நேரத்துக்குப் புதுச்சேரி பஸ் ஏறினோம். லாட்ஜில் அறை மதியம்தான் கிடைக்கும். அந்த நேரம் வீணாகுமே என்று எனக்குக் கவலை இருந்தது. ஆனால் புதுச்சேரி கிழக்குக் கடற்கரை, சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டி விடுவதில்லை. பையை முதுகில் மாட்டியபடியே அந்த அகலமான சாலையின் நடுவில், பழைய கலங்கரை விளக்கம், காந்தி சிலை, போர் நினைவுச் சின்னம் என்று எட்டுப் பேரும் ஒரே வரிசையாக நடந்தோம். கரும்பாறைகள் மேல் அலை அடித்துத் தெறிக்கிறது. வயதானவர்கள் கை வீசி நடக்கிறார்கள். ஹாரன் சத்தம் இல்லை. மதுரையில் பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சாலை எவ்வளவு பெரிய விஷயம் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

உள்ளே திரும்பினால் ஒயிட் டவுன், பழைய பிரெஞ்சுக் குடியிருப்பு. நேர்க்கோட்டில் வீதிகள். மஞ்சள் பூசிய மதில், வெள்ளை ஓரம், மதிலுக்கு மேல் காகிதப்பூ. நீலப் பலகையில் பிரெஞ்சிலும் தமிழிலும் வீதிப் பெயர். 1761ல் ஆங்கிலேயர் அந்த ஊரை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். இப்போது நாம் பார்ப்பது பெரும்பாலும் அதன்பின் கட்டியது. படம் எடுக்கிறவர்கள் வீட்டு வாசல்களை மறித்து நிற்கக் கூடாது, அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் திண்ணையும் மரத்தூணும் வைத்த தமிழர் வீடுகள். எனக்கு இந்தப் பக்கம்தான் கூடுதலாகப் பிடித்தது. ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி வாழ்ந்த வீடு நினைவகமாக இருக்கிறது. 1904ல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழ் சொல்லிக் கொடுத்தவர், 1908ல் ஆங்கிலேயர் கைக்குத் தப்பி இந்த ஊருக்கு வந்து பத்து ஆண்டு இருந்தார். தினமும் அந்தப் பள்ளியைத் தாண்டிப் போகிற ஒருத்தி எங்கள் குழுவில் இருந்தாள். அந்த வீட்டை விட்டுக் கிளம்ப அவளுக்கு மனசே வரவில்லை. இவை எல்லாம் நடை தூரம். கொச்சியில் கோட்டைப் பக்கம் ஒன்று, மட்டாஞ்சேரி ஒன்று, எர்ணாகுளம் ஒன்று என்று ஆட்டோவில் பிரிந்து போக வேண்டியிருக்கும். இங்கே கடைசி வரை குழு ஒன்றாக நின்றது, செலவும் சாப்பாட்டோடு நின்றது. ஞாயிறன்று காந்தி வீதியில் சண்டே மார்க்கெட். பேரம் பேசத் தெரிந்த ஓர் ஆளைக் கூட்டிப்போனால் போதும்.

அறை விஷயத்தில் புதுச்சேரி கொஞ்சம் கசக்கும். சனிக்கிழமை சென்னை, பெங்களூருக் கூட்டம் வந்து இறங்குவதால் வாடகை ஏறிவிடும். கடலோரத்தை விட்டுப் பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தால் சமாளிக்கலாம். ஆண்களும் பெண்களும் சேர்ந்து போகிற குழு என்றால் முன்பணம் கட்டும் முன் போனில் பேசி, எல்லோருடைய ஆதாரும் இருக்கிறது, தனித்தனி அறை வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அரவிந்தர் ஆசிரம விருந்தினர் இல்லங்கள் சுத்தமானவை. அங்கே ராத்திரி கதவடைக்கும் நேரம் உண்டு, மதுவும் புகையும் கூடாது. மது மலிவு என்பதற்காகவே அந்த ஊருக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட கூட்டம் தங்கும் லாட்ஜா என்று பெண்கள் இருக்கும் குழு விசாரிப்பது நல்லது. எங்கள் தோழிகளின் வீட்டில் சம்மதம் வாங்க இந்த ஒரு விசாரிப்புதான் உதவியது.

ஆரோவில்லை நாங்கள் விட்டுவிட்டோம். அங்குள்ள மாத்ரிமந்திர் என்ற தியான மண்டபத்தின் உள்ளே போக முன்கூட்டியே பதிவு வேண்டும், தூரமும் இருக்கிறது, ஸ்கூட்டர் எடுக்க எல்லோரிடமும் லைசென்ஸ் இல்லை.

எங்களில் இரண்டு பேர் இன்னும் தரங்கம்பாடிதான் என்று நிற்கிறார்கள். திங்கட்கிழமை விடுமுறை சேர்ந்து மூன்று நாள் கிடைத்தால் அவர்கள் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளலாம்: புதுச்சேரியில் இரண்டு ராத்திரி, திங்கள் அதிகாலை கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகப் பஸ்ஸில் தரங்கம்பாடி, மதியம் வரை கோட்டையும் கோயிலும், அங்கிருந்து மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் பிடித்து ராத்திரிக்குள் மாட்டுத்தாவணி. அந்த மாதிரி நீண்ட விடுமுறைக்குப் புதுச்சேரி அறையை ரயில் டிக்கெட்டோடு சேர்த்தே பிடித்துவிட வேண்டும்.