ஹாஃப்மனை விட்டுவிட்டு வாக்னரை எடுத்த கதை

வருஷா வருஷம் நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்து, ஓய்வு பெற்ற பேஸ்பால் ஆட்டக்காரர்களை வைத்து ஆளுக்கொரு அணி சேர்ப்போம். இந்த முறை குளோசர் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிக்கக் கடைசியில் வரும் பந்துவீச்சாளர்) எடுக்கும்போது மரியானோ ரிவேராவை எனக்கு முன்னால் இருந்தவர் கொத்திக்கொண்டு போய்விட்டார். 652 சேவ் (சின்ன முன்னிலையைக் கடைசிவரை காத்துக் கொடுத்தால் ஒரு சேவ்), 2.21 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன், குறைந்தால் நல்லது), ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் வாக்கெடுப்பில் ஒரு ஓட்டுகூடக் குறையாமல் ஜெயித்த ஒரே ஆள். அவரைப் பற்றி அலச ஒன்றுமில்லை. மிஞ்சியது ட்ரெவர் ஹாஃப்மனும் பில்லி வாக்னரும். நான் வாக்னர் என்றதும் ஒரே சிரிப்பு.

சிரித்ததற்குக் காரணம் சேவ் கணக்கு. ஹாஃப்மனுக்கு 601, வாக்னருக்கு 422. ஆனால் இந்த சேவ் என்பதே கொஞ்சம் ஏமாற்றுக் கணக்கு. மூன்று ரன் முன்னிலையில் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு வந்து, இரண்டு ரன் கொடுத்து எல்லோர் வயிற்றிலும் புளியைக் கரைத்துவிட்டு ஆட்டத்தை முடித்தாலும் ஒரு சேவ். ஒரே ரன் முன்னிலையில் வந்து மூன்று பேரையும் வரிசையாக ஸ்ட்ரைக்அவுட் செய்தாலும் (பந்தை ஒழுங்காக அடிக்கவே விடாமல் அவுட் ஆக்குவது) அதே ஒரு சேவ்தான். ஆட்டம் சமநிலையில் இருக்கும்போது வந்து காப்பாற்றினால் அதுவும் கிடையாது. அணி சின்ன முன்னிலையோடு கொண்டுவந்து நிறுத்தினால்தான் வாய்ப்பே வரும். ஹாஃப்மன் ஆடியது 1,035 ஆட்டம், வாக்னர் 853. எண்ணிக்கையில் எட்டாமல் போனதில் என்ன ஆச்சரியம்?

நான் பார்த்தது வேறு. ஒரு ரன் முன்னிலை, ஒருவர் அவுட், மூன்றாவது பேஸில் எதிரணி ஆள் நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து மட்டையில் பட்டுவிட்டால் போதும், உயரப் போய்ப் பிடிபட்டாலும் அவன் ஓடிவந்து சமன் செய்துவிடலாம். அந்த இடத்தில் வேண்டியது ஸ்ட்ரைக்அவுட். வாக்னர் எதிர்கொண்டவர்களில் மூன்றில் ஒருவர் அப்படித்தான் திரும்பினார். ஹாஃப்மனிடம் நாலில் ஒருவர். ஹாஃப்மன் 1,089 இன்னிங்ஸில் எடுத்தது 1,133 ஸ்ட்ரைக்அவுட், வாக்னரோ வெறும் 903 இன்னிங்ஸில் 1,196. ஈஆர்ஏவும் அப்படித்தான், வாக்னருக்கு 2.31, ஹாஃப்மனுக்கு 2.87. இத்தனைக்கும் ஹாஃப்மனின் பிற்காலத்தில் ஐந்து சீசன் சான் டியேகோவின் பெட்கோ பார்க் மைதானத்தில் கழிந்தது, அப்போது அது பந்துவீச்சாளர்களுக்குத் தாய்வீடு. வாக்னர் 2000 முதல் ஹூஸ்டனிலும் பிறகு ஃபிலடெல்ஃபியாவிலும் ஹோம்ரன் (வேலியைத் தாண்டிப் போகும் அடி) பறக்கும் மைதானங்களில் வீசினார். (சின்ன வயதில் வலது கை இரண்டு முறை உடைந்ததால் இடது கையில் வீசப் பழகியவர் இவர். அந்தக் கையில் மணிக்கு 100 மைல் வேகம்!)

சரி, எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கிடைத்த வாய்ப்பைச் சேவாக மாற்றியதில் ஹாஃப்மன்தான் மேல், கிட்டத்தட்ட 89 சதவீதம், வாக்னர் 86. போஸ்ட்சீசனில் (வழக்கமான சீசன் முடிந்த பின் கோப்பைக்காக நடக்கும் ஆட்டங்கள்) வாக்னரின் ஈஆர்ஏ 10.03, பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. 2006இல் அவர் பந்தில் செயின்ட் லூயிஸின் சோ டகுச்சி அடித்த அந்த ஹோம்ரன் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் மொத்தமே 12 இன்னிங்ஸுக்கும் குறைவு. அதை வைத்து ஒரு ஆளை எடை போட எனக்கு மனசு வரவில்லை. ஹாஃப்மனும் 1998 வேர்ல்ட் சீரிஸ் இறுதித் தொடரில் யாங்கீஸின் ஸ்காட் ப்ரோஷியஸிடம் மூன்று ரன் ஹோம்ரன் வாங்கியவர்தானே. ஹாஃப்மனின் சேஞ்ச்அப்பை (வேகப்பந்து போலத் தெரிந்து மெதுவாக வரும் பந்து) அதன் உச்சத்தில் நான் நேரலையில் பார்த்ததே குறைவு, பெரும்பாலும் பதிவுகளில்தான் பார்த்தேன். அதனால் அவருக்குக் கொஞ்சம் அநியாயம் செய்கிறேனோ என்றும் தோன்றுகிறது.

இருவருமே கடைசியாக ஆடியது 2010இல். ஹாஃப்மன் மில்வாக்கியில் குளோசர் இடத்தையே பறிகொடுத்து, 5.89 ஈஆர்ஏவோடு தட்டுத்தடுமாறி 600 சேவைத் தொட்டார். வாக்னர் அட்லான்டாவில் 1.43 ஈஆர்ஏ, 104 ஸ்ட்ரைக்அவுட் என்று கணக்கை முடித்து, இன்னும் கொஞ்சம் ஆடினால் சேவ் ஏறும் என்று தெரிந்தும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.