ஆபரேஷன் இல்லாமல் இதய அடைப்பு சரியாகும் என்று நம்பி 1,35,000 ரூபாய் கட்டினோம்

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான்கு நாள் ஆகிறது. இன்று காலையில் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அந்த சென்டரில் மறுபடியும் கையை விரித்துவிட்டார்கள். அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். வீட்டில் யாருக்காவது இதய அடைப்பு இருந்தால் முழுதாகப் படியுங்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

வழக்குப் போடப் போவதால் பெயரைச் சொல்லவில்லை. "ஸ்டென்ட் வேண்டாம், பைபாஸ் வேண்டாம்" என்று போனில் விளம்பரம் வருமே, கால்களில் பட்டை கட்டி அழுத்தும் மெஷின் வைத்திருக்கும் சென்டர்கள், அதில் ஒன்று.

ஒன்றரை மாதம் முன்பு அப்பாவுக்கு ஆஞ்சியோ எடுத்தோம். இதயத்தின் முன்பக்கத்துக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் 90 சதவீதம் அடைப்பு. "சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வருது, தள்ளிப் போடாதீங்க, ஸ்டென்ட் வெச்சிடலாம்" என்றார் டாக்டர். அப்பாவுக்கு 61 வயது. ஊசிக்கே பயப்படுகிறவர். அந்த நேரத்தில்தான் விளம்பரம் கண்ணில் பட்டது.

அங்கே இருந்த கவுன்சலர் அம்மா அப்பாவை "அப்பா, அப்பா" என்றே கூப்பிட்டார். அப்பா விவசாயி என்று தெரிந்ததும் ஒரு தாளை எடுத்து ஆறு வரைந்தார், நடுவில் ஒரு மதகு, பக்கத்தில் நாலைந்து வாய்க்கால். "மதகு அடைச்சிருந்தா என்னப்பா, நம்ம மெஷின் பக்கத்து வாய்க்காலைத் திறந்துவிடும். 35 சிட்டிங், தினம் ஒரு மணி நேரம். அடைப்பும் தானா கரைஞ்சிடும்." அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எங்களுக்கு நம்பிக்கை வந்தது அந்தப் படத்தில்தான். அன்றைக்கே 1,35,000 ரூபாயும் கட்டினோம். அம்மாவின் வளையல் அடகில் இருக்கிறது.

பதினேழாவது சிட்டிங் முடிந்து வெளியே வந்த அப்பா நாற்காலியில் சாய்ந்தார். நெஞ்சை அழுத்துகிறது என்றார். பனியன் நனைய வியர்வை, இடது கை கடுத்தது. மணி 10.20. ஓடிப்போய்ச் சொன்னேன். அங்கிருந்தவர், "பழைய அடைப்பு கரையும்போது இப்படித்தான் வலிக்கும், கேஸும் இருக்கும்" என்று ஒரு மூடி ஜெல் மருந்து கொடுத்துப் படுக்க வைத்தார். ஈசிஜி எடுக்கச் சொன்னேன். "டாக்டர் வரட்டும்" என்றார்கள். டாக்டர் வரவே இல்லை. 12 மணிக்கு அப்பா வாந்தி எடுத்ததும் நானே 108க்குப் போன் செய்தேன்.

அரசு மருத்துவமனையில் ஈசிஜி பார்த்த உடனே கேத் லேபுக்கு, அதாவது ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்கும் அறைக்கு, கொண்டுபோனார்கள். குழாய் முழுதாக மூடியிருந்தது. பலூன் விட்டு ஸ்டென்ட் வைத்து ரத்தம் ஓட வைத்தபோது மணி 1.25. ரத்தம் நின்று அரை மணி நேரத்திலேயே இதயத் தசை சாக ஆரம்பித்துவிடுமாம். அதனால்தான் நெஞ்சுவலிக்காரர் வாசலுக்கு வந்த 90 நிமிஷத்துக்குள் குழாயைத் திறக்கப் பார்க்கிறார்கள். அந்த வசதி பக்கத்தில் இல்லை என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியாவது உடனே போடுகிறார்கள். நாங்களோ ஜெல் குடித்துவிட்டு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தோம்.

மறுநாள் எக்கோ எடுக்கும்போது திரையைப் பார்த்தேன். இதயத்தின் ஒரு பக்கச் சுவர் துடிக்கிறது, முன்பக்கச் சுவர் அசையாமல் நிற்கிறது. பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, முன்பு 58 சதவீதம் இருந்தது, இப்போது 35. மாடிப்படி ஏற முடியாது, வயலில் இறங்க முடியாது.

அந்த மெஷினே பொய் என்று நான் சொல்லவில்லை. ஸ்டென்ட், பைபாஸ் இரண்டுக்கும் வழியில்லாமல் நெஞ்சுவலியோடு இருக்கிறவர்களுக்கு வலி குறைய அதைக் கொடுப்பது உண்டு என்று டாக்டர் சொன்னார். ஆனால் அது அடைப்பைக் கரைக்காது. சும்மா இருக்கும்போதே வலி வருகிற ஆளை அதில் படுக்க வைத்திருக்கவே கூடாது.

பணத்தைக் கேட்டால் முதல் நாள் "மேனேஜர் மீட்டிங்கில் இருக்கார்". அப்புறம் போனை எடுக்கவில்லை. நேரில் போனால் அப்பா கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார்கள், பணம் திரும்பக் கிடையாது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. இன்றைக்குச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை: "மீதி 18 சிட்டிங்கை வேணும்னா உங்க அம்மாவுக்கு மாத்தித் தர்றோம்." 1,35,000 ரூபாய் வாங்கியவர்கள் அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னொன்று. ஸ்டென்ட் வைத்தால் மூன்று லட்சம் ஆகும் என்று அவர்கள்தான் பயமுறுத்தினார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்கள் பீரோவிலேயே கிடந்தது. அதில்தான் இப்போது ஸ்டென்ட் வைத்தோம், கையிலிருந்து ஒரு பைசா போகவில்லை. 1,35,000 ரூபாயை நாங்கள் கட்டியிருக்கவே வேண்டியதில்லை.

சரி, சொல்கிறேன் என்றேன் அல்லவா. அடைப்பைக் கரைக்கிறேன் என்று எவன் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள். நெஞ்சுவலி, வியர்வை என்றால் கேஸ் என்று நீங்களே முடிவு செய்யாமல் 108க்கு அடியுங்கள். முதலில் ஈசிஜி. காப்பீட்டு அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். பில், வாட்ஸாப் எதையும் அழிக்காதீர்கள், நுகர்வோர் உதவி எண் 1915.

அந்த ஆறு வரைந்த தாள் இன்னும் அப்பாவின் சட்டைப்பையில்தான் இருந்தது. பில்லோடு சேர்த்து வக்கீலிடம் கொடுக்க எடுத்து வைத்திருக்கிறேன்.