மூடி போட்ட பிறகுதான்: ஆமைப் பெட்டியோடு ஆறரை ஆண்டுகள்

காலையில் காபிக்கு முன்னால் நான் பார்ப்பது இரண்டு எண்களை: 28, 78. முதலாவது வெப்பநிலை, இரண்டாவது ஈரப்பதம். இரண்டும் இப்படி இருந்துவிட்டால் கூடத்து மூலையில் இருக்கும் பெட்டியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. உள்ளே வெல்லம் பாசிக்குள் தலையைப் புதைத்துத் தூங்கிக்கொண்டிருப்பாள்.

வெல்லம் ஒரு செங்கால் ஆமை. தென் அமெரிக்காவின் வடபகுதியில், காட்டோரங்களிலும் புல்வெளிகளிலும் வாழும் இனம். நாங்கள் இருப்பதோ கனடாவின் பீட்டர்பரோவில். ஜனவரி இரவில் மைனஸ் 20 என்றால் இங்கே யாரும் புருவம் உயர்த்துவதில்லை. 2018 அக்டோபரில் வந்தபோது அச்சுவெல்லத்தின் நிறமும் அளவுமாக உள்ளங்கையில் அடங்கினாள். பெயர் அப்படி வந்தது. இப்போது 23 சென்டிமீட்டர் நீளம், 2 கிலோ 100 கிராம் எடை. குளிர்கால உறக்கம் இந்த இனத்துக்குக் கிடையாது. ஆகவே ஆண்டு முழுவதும் பகலில் 27 முதல் 30 டிகிரி, இரவில் 22-க்குக் குறையாத சூடு, 70 முதல் 80 சதவீத ஈரப்பதம் வேண்டும். குஞ்சாக இருக்கும்போது ஈரம் இன்னும் கூடுதலாக இருந்தால் நல்லது.

முதல் குளிர்காலத்தில் இதில் எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை. விற்ற கடையில் சொன்னபடி மேலே திறந்த மரத்தொட்டி, அதன் மேல் தொங்கும் ஒரு பெரிய விளக்கு, பக்கத்தில் ஒட்டுகிற வட்ட முள் ஈரப்பதமானி என்று வாங்கி வந்தேன். முள் எப்போதும் 60-இல் நின்றது. பரவாயில்லை, கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும் என்று நினைத்தேன். மூன்று மாதம் கழித்துத்தான் அந்தக் கருவியைச் சோதிக்கத் தோன்றியது. சோதனை எளிது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் ஈர மணல் போல ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். அதையும் கருவியையும் ஒரே பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடி இரவு முழுக்க விட்டுவிட வேண்டும். பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். காலையில் முள் 60-இல் இருந்தது. வெளியே எடுத்து ரேடியேட்டர் மேல் வைத்தேன். அங்கேயும் 60. மூன்று மாதமாக நான் நம்பியது ஒரு படத்தை.

புதிதாக வாங்கிய டிஜிட்டல் கருவி தொட்டிக்குள் 24 என்று காட்டியது. எண்ணைப் பார்த்துத் திகைத்தேன். கணக்குப் போட்டபோது திகைக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தது. மைனஸ் 10 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்கு இரண்டு கிராமுக்குச் சற்று மேல்தான் நீராவி தாங்கும். அதே காற்றை வீட்டுக்குள் இழுத்து 22 டிகிரிக்குச் சூடாக்கினால் அது 19 கிராமுக்கு மேல் தாங்கும். கையில் இருப்பதோ அதே இரண்டு கிராம். அதாவது ஈரப்பதம் 12 சதவீதம். சமையல், குளியல், துணி உலர்த்தல் எல்லாம் சேர்ந்து வீட்டை 25 வரை தூக்குகின்றன. அதற்கு மேல் ஒரு விளக்கை வைத்துச் சூடேற்றினால் காற்றின் தாகம் இன்னும் அதிகமாகிறது. சூட்டை ஒரு பிரச்சினையாகவும் ஈரத்தை இன்னொன்றாகவும் பார்த்தவரை இது எனக்குப் பிடிபடவில்லை. ஒன்றைத் தொட்டால் மற்றது அசையும்.

2019 வசந்தத்தில் ஓட்டில் இந்த வறட்சியின் அடையாளம் தெரிந்தது. சில்லு ஒவ்வொன்றும் நடுவில் மேடாக, இடையில் பள்ளம் விழுந்து, கூம்பு கூம்பாக எழும்பத் தொடங்கியிருந்தது. முன்பெல்லாம் இதற்குப் புரதம் கூடிய உணவுதான் காரணம் என்பார்கள். வியன்னா ஆய்வாளர்கள் ஆப்பிரிக்க முள்தொடை ஆமைக் குஞ்சுகளை வளர்த்துப் பார்த்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு, வறண்ட காற்றுதான் பெரிய காரணம், புரதத்தின் பங்கு சிறிது என்று காட்டியது. எழும்பிய மேடு திரும்பப் படியாது. இனி வளர்வதைத்தான் ஒழுங்காக வளர்க்க முடியும்.

அவசரத்தில் நான் செய்த அடுத்த தவறு புகைபோல் பனி கக்கும் இயந்திரம். பார்க்க அழகாக இருந்தது. விருந்தினர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். இயந்திரம் ஓடும்போது ஈரப்பதம் 95, நிறுத்திய இருபது நிமிடத்தில் 40. எங்கள் கடினத் தண்ணீரின் உப்பு வெள்ளைப் பொடியாகக் கண்ணாடியிலும் ஆமையின் முதுகிலும் படிந்தது. அதைவிடக் கேடு, மண்ணின் மேல்பரப்பு எந்நேரமும் சொதசொதவென்று கிடந்தது. 2020 பிப்ரவரியில் ஒரு கடும் குளிர் வாரத்தில் தொட்டியின் இரவு வெப்பம் 19-க்கு இறங்கியது. நான்காம் நாள் காலை அவள் மூக்கில் ஒரு சிறு நீர்க்குமிழி ஊதி ஊதி உடைந்துகொண்டிருந்தது. கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். மூச்சுக்குழல் தொற்று. ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவரைத் தேடிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினேன். மூன்று நாளுக்கு ஒருமுறை முன்னங்காலில் ஊசி, நான்கு வாரம். ஈரமும் சூடும் சேர்ந்தால் இந்த ஆமைக்குக் காடு. ஈரமும் குளிரும் சேர்ந்தால் நோய். மருத்துவர் சொன்ன இந்த ஒன்றுக்காகவே அந்தக் கட்டணத்தைக் கொடுத்திருக்கலாம்.

அதன் பிறகுதான் மூடி வந்தது. 120-க்கு 60 சென்டிமீட்டர் பிவிசி பெட்டி. மேற்புறமும் பக்கங்களும் அடைப்பு, முன்னால் நகரும் கண்ணாடி, பின்சுவரில் சிறு காற்றுத் துளைகள். 2022-இல் இதையே 180-க்கு 90 என்று மாற்றிக்கொண்டேன். தரையில் தென்னை நார்க் கழிவும் மரப்பட்டைச் சில்லும் கலந்து பன்னிரண்டு சென்டிமீட்டர் கனம். நார்க் கட்டியின் உறையில் இலங்கைத் தயாரிப்பு என்று போட்டிருந்தது. வாளியில் ஊறவைத்தபோது எழுந்த மணத்துக்கு என் மனைவி சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். தண்ணீரைத் தெளிப்பதை அடியோடு விட்டுவிட்டேன். வாரம் ஒருமுறை நான்கு மூலைகளிலும் சேர்த்து இரண்டு லிட்டர் ஊற்றுகிறேன். அது அடியில் ஓடிப் பரவுகிறது. மேலே கையை வைத்தால் ஒட்டாது. அடி ஓடு அழுகாமல் இருக்க அந்த உலர்ந்த மேல்தோல் முக்கியம். பெட்டிக்குள் இருக்கும் சூடே அடியீரத்தை மெல்ல மெல்ல ஆவியாக்கித் தருகிறது. மூடி போட்ட இரண்டாம் நாள் 80 காட்டியது. அதற்காக ஓடும் இயந்திரம் எதுவும் இல்லை.

சூட்டுக்கு ஒளி இல்லாத செராமிக் குமிழ்கள் இரண்டு, எட்டி எட்டி. ஒரே பெரிய விளக்கு காற்றைச் சூடாக்குவதைவிட ஓட்டின் உச்சியைத்தான் அதிகம் வறுக்கிறது. சுற்றிலும் ஈரம் இருந்தாலும் அந்த இடம் காய்ந்துபோகும். கூடவே ஒரு புற ஊதாக் குழல் விளக்கு பெட்டிக்குள்ளேயே. கண்ணாடிக்கு வெளியே வைத்தால் வேண்டிய கதிர் உள்ளே வராது. எரிந்துகொண்டிருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றிவிடுகிறேன்.

சூட்டை அளந்து குமிழை அணைத்து ஏற்றும் தெர்மோஸ்டாட் இல்லாமல் செராமிக் குமிழை யாரும் இணைக்க வேண்டாம். இணைத்தபின் அதை முழுதாக நம்பவும் வேண்டாம். 2021 கோடையில் வெல்லம் சுவரோரம் முட்டித் தள்ளி உணரியைப் பிடுங்கிக் குளிர்ந்த மண்ணுக்குள் புதைத்துவிட்டாள். மண்ணின் குளிரைப் பார்த்த தெர்மோஸ்டாட், இன்னும் சூடு போதவில்லை என்று குமிழ்களை விடாமல் எரித்தது. நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது உள்ளே 38. அவள் தண்ணீர்த் தட்டில் உட்கார்ந்து பிழைத்தாள். இப்போது உணரியை அவளுக்கு எட்டாத உயரத்தில் திருகிப் பொருத்தியிருக்கிறேன். அதோடு தொடர்பே இல்லாத இன்னொரு வெப்பமானி தனியாக ஒலி எழுப்பும்.

குறைகள் உண்டு. ஜனவரியில் முன்கண்ணாடி முழுக்க வேர்த்து வழிந்து உள்ளே ஒன்றும் தெரிவதில்லை. நார்ப் படுகையை ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றுவது அரை நாள் வேலை, முதுகு வலி தனி. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று ஊரிலிருந்து அம்மா சொன்னது மின்கட்டணத்தில் மட்டும் பலித்தது. ஊரில் இருக்கும் தம்பி மகன் இதையெல்லாம் வீடியோவில் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒரு நட்சத்திர ஆமை வேண்டும் என்றான். இந்தியாவில் அதை வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்று சொல்லி நிறுத்தினேன். 2019 முதல் பன்னாட்டு வணிகமும் தடை செய்யப்பட்ட இனம் அது.

2025 மார்ச் இறுதியில் விழுந்ததும் உறையும் பனிமழை எங்கள் ஊரைக் கண்ணாடிக் கூடாக்கியது. கிளைகள் முறிந்து கம்பிகள் அறுந்தன. எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. மூடிய பெட்டியின் இன்னொரு பயன் அப்போதுதான் தெரிந்தது. வீடு 14-க்கு இறங்கிய பிறகும், கம்பளி போர்த்திய பெட்டிக்குள் முதல் இரவு முழுக்க 22 நின்றது. ஈரமண் சூட்டைப் பிடித்து வைத்திருந்தது. மறுநாள், மீன்பிடிக்கப் போகும்போது நாங்கள் கொண்டுபோகும் குளிர்காப்புப் பெட்டியில் அவளை நார்ப் படுகையோடு, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டிகள் இரண்டுக்கு நடுவில் வைத்தோம். எரிவாயு அடுப்பில் நான்கு மணிக்கொரு முறை வெந்நீர் காய்ச்சி மாற்றினோம், இரவுமுறை எனக்கு. அம்மா தொலைபேசியில் முதலில் கேட்டது எங்களை அல்ல. "அது சாப்பிடுகிறதா?" என்றார்.

மூன்றாம் நாள் மாலை மின்சாரம் வந்தது. பெட்டி 28-க்கு ஏற ஐந்து மணி நேரம் எடுத்தது. அவளைத் திரும்ப இறக்கும்போது டார்ச் வெளிச்சத்தில் முதுகைத் தடவிப் பார்த்தேன். நடுவில் அந்த முதல் ஆண்டின் மேடுகள் இன்னும் கையில் நெருடுகின்றன. அதற்கு வெளியே 2020-க்குப் பின் வளர்ந்த வளையங்கள் ஆற்றுக் கூழாங்கல் போல வழுவழுப்பாக ஓரம் வரை போகின்றன.