ஆஸ்கர் பார்க்க ஒரு நாள் லீவா? நேரலையும் இரவு மறுஒளிபரப்பும் போன் துண்டுகளும்

ஆண்டுத் தொடக்கத்தில் லீவுக்கு எழுதிக் கொடுக்கும்போது மூன்று நாட்களை முதலில் குறித்துவிடுவேன். தைப்பூசத்துக்கு மறுநாள், தீபாவளிக்கு மறுநாள், அப்புறம் ஆஸ்கர் வரும் திங்கட்கிழமை. பினாங்கு பாயான் லெப்பாஸில் என்னோடு ஒரே ஷிப்டில் இருக்கும் அண்ணன் ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் கேட்பார்: “ராத்திரி திரும்பப் போடுவாங்கதானே தம்பி? இல்லன்னா போன்ல பாத்துக்கலாம். இதுக்குப் போய் ஒரு நாள் லீவா?” நியாயமான கேள்விதான். மூன்று விதமாகவும் பார்த்தவன் என்பதால் பதிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நேரக் கணக்கு இதுதான். லாஸ் ஏஞ்சலிஸில் ஞாயிறு மாலை நடக்கும் விழா பினாங்கில் நமக்குத் திங்கள் காலை. அமெரிக்காவில் மார்ச் மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், விழா நேரத்தையும் அவ்வப்போது மாற்றுவார்கள். அதனால் இங்கே 2020-ல் ஒன்பது மணிக்கும், 2023-ல் எட்டு மணிக்கும், 2024-ல் ஏழு மணிக்கும் தொடங்கியது. மூன்றரை மணி நேரம் ஓடும். ஆக, காலை முழுக்கப் போய்விடும்.

போனில் துண்டு துண்டாகப் பார்ப்பதை முதலில் முடித்துவிடுகிறேன். வேலைக்கு இடைஞ்சல் இல்லை, பிடித்ததை மட்டும் பார்க்கலாம். 2022-ல் லீவு கிடைக்காமல் அப்படித்தான் பார்த்தேன். மதியம் கேண்டீனில் போனைத் திறந்தால் வில் ஸ்மித் கிறிஸ் ராக்கை அறைந்த காட்சி. குடும்பக் குழுவிலும் அதுதான், பள்ளித் தோழர்கள் குழுவிலும் அதுதான். அந்த ஆண்டு விழா என்றால் எனக்கு அந்த ஒரு அறை மட்டும்தான் என்று ஆகிவிட்டது.

பல மாதம் கழித்துத்தான் அதே மேடையில் டிராய் காட்சர் விருது வாங்கியதைப் பார்த்தேன். காது கேளாத நடிகர், ‘கோடா’ படத்துக்காகச் சிறந்த துணை நடிகர் விருது. அரங்கில் இருந்தவர்கள் கைகளை மேலே தூக்கி அசைத்தார்கள். காது கேளாதோர் கைதட்டுவது அப்படித்தான். அவர் பேச வேண்டுமென்றால் இரண்டு கையும் வேண்டும், கையிலோ சிலை. விருதைக் கொடுத்த கொரிய நடிகை யூன் யோ-ஜோங் அந்தச் சிலையைத் திரும்ப வாங்கித் தான் பிடித்துக்கொண்டு, அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். எழுபத்து நான்கு வயது அம்மா. காட்சருடைய கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். இதை அன்றைக்கு எனக்கு ஒருவரும் அனுப்பவில்லை. போனில் வருவது அடுத்தவர் நமக்காகப் பொறுக்கி எடுத்தது, அவ்வளவுதான்.

இரவு மறுஒளிபரப்பு அப்படி ஒதுக்கித் தள்ளக்கூடியது இல்லை. 2009 பிப்ரவரி 23, திங்கட்கிழமை. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக ஏ. ஆர். ரகுமானுக்கு ஒரே விழாவில் இரண்டு ஆஸ்கர், ஒன்று இசைக்கு, இன்னொன்று ‘ஜெய் ஹோ’ பாட்டுக்கு. மதியத்துக்குள் எல்லார் போனுக்கும் குறுஞ்செய்தி வந்துவிட்டது. அன்று இரவு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார இடமில்லை. அப்பா, அம்மா, அக்கா, அத்தான், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். “எல்லாப் புகழும் இறைவனுக்கே” என்று ரகுமான் தமிழில் சொன்னபோது அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடியே அடுப்படியிலிருந்து வந்து நின்றார். விருது கிடைத்தது முன்னாலேயே தெரிந்திருந்தும் அந்தச் சந்தோஷத்தில் ஒரு துளி குறையவில்லை. நேரலையில் இந்தக் கூட்டம் கிடைக்காது. திங்கள் காலையில் வீட்டில் நானும் அம்மாவும்தான். ஊர் கூடிக் கொண்டாட வேண்டிய ஆண்டென்றால் இரவுதான் சரி என்பதை மனப்பூர்வமாக ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும் முடிவு செய்தது ஒரே விஷயம், வெட்டு. எங்கள் வீட்டில் வரும் சேனலில் இரவில் போடுவது சுருக்கிய வடிவம். மொத்தமாக மூன்று நான்கு ஆண்டுதான் அதைப் பார்த்திருக்கிறேன், எல்லாச் சேனலிலும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். நான் பார்த்தவரை முதலில் கத்தி விழுவது சின்ன விருதுகள்மேல். குறும்படம், ஆவணப்படம், ஒலி. பெயரைச் சொல்வார்கள், சிலையைக் கொடுப்பார்கள், உடனே அடுத்த விருது.

நம் ஆட்கள் வந்து நிற்பதோ பெரும்பாலும் அந்தச் சின்ன விருதுகளில்தான். 2009-ல் கேரளத்துக்காரர் ரசூல் பூக்குட்டிக்குக் கிடைத்தது ஒலிக்கலவைக்கு. 2023-ல் சிறந்த ஆவணக் குறும்படம் ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’. முதுமலையில் ரகு என்ற குட்டி யானையை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியின் கதை, அவர்கள் பேசுவது தமிழ். காலையில் நேரலையில் அதைப் பார்த்தோம். இயக்குநர் கார்த்திகி கொன்சால்வெஸ் பேசி முடித்தார், அடுத்துத் தயாரிப்பாளர் குனீத் மோங்கா வாய் திறக்கப் போனார், இசை எழும்பிவிட்டது. ஒரு விருதுக்கு நாற்பத்தைந்து விநாடி, அது தீர்ந்துவிட்டது. “அந்தப் பொண்ணப் பேச விடுங்கப்பா!” என்று அம்மா டிவியைப் பார்த்துக் கத்தினார். எனக்கும் நெஞ்சு எரிந்தது. அன்று இரவே மறுஒளிபரப்பிலும் அந்த இடம் வரட்டும் என்று காத்திருந்து பார்த்தேன். படத்தின் பெயர், கைதட்டல், அடுத்த விருது. பேச விடாமல் நிறுத்தினார்கள் என்பதே தெரியவில்லை.

நடக்க வேண்டியது என்று எழுதி வைத்ததையெல்லாம் சுருக்கம் பத்திரமாகக் காப்பாற்றிவிடும். அதற்கு நடுவில் தானாக நடந்ததுதான் வெட்டில் போகும். அதற்காகத்தான் நான் உட்காருகிறேன்.

2020 விழா தைப்பூசத்துக்கு இரண்டாம் நாள் காலை வந்தது. தைப்பூச ரதம் தண்ணீர்மலைக் கோயிலிலிருந்து ஊருக்குள் இருக்கும் கோயில் வீட்டுக்குத் திரும்பும் இரவு முழுக்க முழித்துவிட்டு வந்து, குளித்து, கோப்பியோடு உட்கார்ந்தேன். கொரியப் படம் ‘பாரசைட்’ சிறந்த படமாக அறிவிக்கப்பட்டது. ஆங்கிலம் அல்லாத மொழிப் படத்துக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் தடவை. தயாரிப்பாளர் ஒருவர் பேசியதும் மேடை விளக்கு இறங்கியது. முன்வரிசையில் இருந்த டாம் ஹாங்க்ஸ், சார்லீஸ் தெரோன் எல்லாரும் விளக்கை ஏற்றச் சொல்லிக் கூவினார்கள். மறுபடி வெளிச்சம் வந்தது, இன்னொருவர் பேசினார். சில விநாடிதான். ரதம் எங்கள் தெரு முனைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தேங்காயை அடுக்கி வைத்துவிட்டு நிற்கிறோம், வரும்போது வரும். மறுநாள் வீடியோவில் ரதம் வந்ததும் தேங்காய் உடைந்ததும் இருக்கும், நாம் நின்ற நேரம் இருக்காது. இந்த விழாவும் எனக்கு அப்படித்தான்.

2017 இன்னும் பெரிய உதாரணம். உறையைப் பிரித்த வாரன் பீட்டி தயங்கினார், உறைக்குள் மறுபடி பார்த்தார், பக்கத்தில் நின்ற ஃபே டனவேயிடம் காட்டினார். அவர் ‘லா லா லேண்ட்’ என்று வாசித்துவிட்டார். படக்குழு மேடையேறி நன்றி சொல்லத் தொடங்கி இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆன பிறகுதான், ஜெயித்தது ‘மூன்லைட்’ என்று ‘லா லா லேண்ட்’ தயாரிப்பாளரே மைக்கில் சொல்லி அட்டையைத் தூக்கிக் காட்டினார். பீட்டியின் கைக்குப் போனது சிறந்த நடிகைக்கான உறை. விஷயம் தெரிந்த பிறகு பார்ப்பவர்கள் தப்பு எங்கே நடந்தது என்று தேடித்தான் பார்ப்பார்கள். நாங்கள் அந்த இரண்டு நிமிடம் உண்மையாகவே நம்பினோம், அம்மா எழுந்து சோறு வைக்கப் போய்விட்டார். “அம்மா, வாங்க, மாத்திச் சொல்லிட்டாங்களாம்!” என்று நான் கூப்பிட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம், 2023-ன் கடைசி அரை மணி நேரம். சிறந்த நடிகை விருதை அறிவிக்க ஜெசிக்கா சாஸ்டெய்னும் ஹாலி பெர்ரியும் வந்தார்கள். அந்த விருதை வாங்கிய முதல் கறுப்பினப் பெண் ஹாலி பெர்ரி. அவர் கையிலிருந்து அதை வாங்கிய முதல் ஆசியப் பெண் நம் ஈப்போவில் பிறந்த மிஷல் இயோ. எண்பத்து நான்கு வயதான தன் தாய்க்கு அதைச் சமர்ப்பிப்பதாகச் சொன்னார். அம்மா இப்போது மலேசியாவில், கேஎல்லில் (கோலாலம்பூரில்), குடும்பத்தோடும் நண்பர்களோடும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னார். மணி பதினொன்றரையை நெருங்கிக்கொண்டிருந்தது, வெளியே வெயில். அந்தத் தாயும் என் அம்மாவும் ஒரே நேரத்தில் அதே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் அம்மாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. “கேஎல்லுன்னா சொல்லுது அந்தப் பொண்ணு?” என்று கேட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரவில் அதே பேச்சு வெட்டில்லாமல் முழுதாக வந்தது. ஆனால் அவர் சொன்ன அந்த “இப்போது” முடிந்து பத்து மணி நேரம் ஆகியிருந்தது.

பதிவு செய்து வைத்துச் சாயங்காலம் முழுதாகப் பார்க்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். ஒரே ஒரு தடவை முயன்றேன். பத்து மணிக்குள் குடும்பக் குழுவே பாதி முடிவைச் சொல்லிவிட்டது, அதோடு விட்டுவிட்டேன். போனை அணைத்து வைக்க முடிகிறவர்களுக்கு அது நல்ல வழியாக இருக்கலாம். செலவு பெரிய விஷயமில்லை. 2029 முதல் யூடியூபில் உலகம் முழுக்க இலவச நேரலை என்றே அறிவித்துவிட்டார்கள்.

அண்ணனுக்கு இந்த முறை இப்படித்தான் சொன்னேன்: முழு நாள் வேண்டாம், காலை அரை நாள் போதும். பெரும்பாலும் பன்னிரண்டுக்குள் முடிந்துவிடும், ஒரு மணி ஷிப்டுக்கு வந்துவிடலாம். 2017-ல் போல ஒரு மணியைத் தாண்டினால்தான் சிக்கல். நான் முழு நாளாகத்தான் எடுக்கிறேன். முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு, யார் என்ன பேசினார்கள் என்று அம்மா ஒவ்வொன்றாகக் கேட்பார். அதைச் சொல்லி முடிக்கவே மதியம் ஆகிவிடும்.