தொழில்நுட்பமா, அரசுக் கொள்கையா, சமூகத் தொழிலா: எதை முதலில் செய்வது?

மென்பொருள் தெரிந்த ஒருவருக்கு, அந்தத் திறமை பொதுமக்களுக்கும் பயன்படவேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால் மூன்று வழிகள் உண்டு. நிறுவனத்திலேயே இருந்து பெரிதாக ஒன்றை உருவாக்கலாம், அரசுக்குள் போய்க் கொள்கையில் கை வைக்கலாம், இல்லையென்றால் சொந்தமாக ஒரு சமூகத் தொழில், அதாவது லாபத்தைவிட மக்களின் ஒரு பிரச்சினையைத் தீர்ப்பதையே முதல் நோக்கமாகக் கொண்ட தொழில், தொடங்கலாம். ஒரே ஆயுளில் மூன்றையும் தொட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நிறையப் பேர் வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள் என்பது என் எண்ணம்: கல்லூரி முடித்த கையோடு சமூகத் தொழில், அது ஓடாவிட்டால் நிறுவனம், அரசைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று.

சம்பளத்தை வைத்து ஒப்பிட்டால் நிறுவனம் ஜெயித்துவிடும், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். நான் கேட்பது வேறு. நீங்கள் தப்பாகச் செய்தால் அதை உங்களிடம் யார் சொல்வார்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்வார்கள்?

நிறுவனத்தில் அது உடனே தெரிந்துவிடும். செயலி பிடிக்கவில்லையென்றால் ஆட்கள் போய்விடுவார்கள், மறுநாள் காலைக்குள் எண்கள் காட்டிவிடும். பணம் கொடுக்க முடியாதவர்கள் அந்த எண்களில் வரவே மாட்டார்கள் என்பது இதன் பெரிய குறை. ஆனாலும் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

அரசு வேறு உலகம். அமெரிக்காவின் மருத்துவக் காப்பீட்டுத் தளம் ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தபோது முதல் நாளில் பதிவை முடிக்க முடிந்தவர்கள் வெறும் 6 பேர். சட்டம் இருந்தது, பணம் இருந்தது, வேலையைப் பங்கு போட்டுக்கொண்ட ஏகப்பட்ட ஒப்பந்த நிறுவனங்களும் இருந்தன. முழுசாகப் பார்த்து 'இது ஓடாது' என்று சொல்லும் பொறுப்புதான் யாருக்கும் இல்லை. கூகுளிலிருந்து போன மைக்கி டிக்கர்சன் போன்றவர்கள் அங்கே செய்தது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை, தினமும் எல்லோரையும் ஒரே அறையில் கூட்டி எது உடைந்திருக்கிறது என்று பேசவைத்தார்கள், தளத்தின் நிலையை எல்லோரும் பார்க்கும்படி கண்காணிப்பை ஏற்பாடு செய்தார்கள். அடுத்த ஏப்ரலில், மாநிலத் தளங்களையும் சேர்த்து, பதிவு 80 லட்சத்தைத் தொட்டது. நிறுவனத்தில் பழகிய சாதாரண ஒழுங்கு அரசுக்குள் போனால் எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அரசில் கட்டுவது உங்களுடையது அல்ல. டிக்கர்சன் தலைமையில் 2014-இல் உருவான அமெரிக்க அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவின் பெயரையும் நோக்கத்தையும் 2025 ஜனவரியில் பதவியேற்ற அதிபர் டிரம்ப் ஒரே உத்தரவில் மாற்றிவிட்டார். இன்னொரு பக்கம், சட்டம் பின்னால் வந்து சேரும்போது கணக்கு மாறும். இன்ஃபோசிஸை நடத்திய நந்தன் நிலேகணி 2009-இல் ஆதார் ஆணையத்துக்குப் போனார், முதல் எண் 2010-இல் வழங்கப்பட்டது, சட்டமோ 2016-இல்தான் வந்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் திட்டத்தை ஏற்றுக்கொண்டாலும் தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்த வழிவிட்ட பகுதியை ரத்து செய்தது. 'முதலில் வெளியிடு, பிறகு திருத்து' என்ற நிறுவனப் பழக்கத்தை அப்படியே அரசுக்குள் கொண்டுபோக முடியாது, ஏனென்றால் இங்கே பயனர் பிடிக்காவிட்டால் வெளியேற முடியாது.

சரி, சமூகத் தொழில். மூன்றிலும் இதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன், அதனால்தான் முதலில் இதற்குள் இறங்காதீர்கள் என்கிறேன். பணம் கொடுப்பவர் ஒருவர், பயன்படுத்துபவர் இன்னொருவர். பிளேபம்ப் என்று ஒன்று வந்தது. குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் நிலத்தடி நீர் மேலே ஏறும். படத்தில் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். 2006-இல் அமெரிக்க அரசும் அறக்கட்டளைகளும் சேர்ந்து 1.64 கோடி டாலர் அறிவித்தன, ஆப்பிரிக்காவில் 4,000 பம்புகள் இலக்கு. குழந்தைகள் விளையாடாத நேரத்தில் பெண்கள் அதைக் கையால் சுற்ற வேண்டியிருந்தது, சாதாரண அடிபம்பைவிட விலையும் பல மடங்கு. சில ஆண்டுகளில் திட்டம் நின்றுபோனது. அந்தப் பெண்கள் குறை சொல்லியிருப்பார்கள், ஆனால் அது நன்கொடையாளரின் காதுக்குப் போய்ச் சேர வழியே இல்லை.

இதற்கு நேர்மாறானது ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுக்கும் வங்காளதேசத்தின் கிராமீன் வங்கி. அங்கே கடன் வாங்குபவர்களே பெரும்பான்மைப் பங்குதாரர்கள். ஆனால் முகம்மது யூனுஸ் 1976-இல் ஜோப்ரா கிராமத்தில் தொடங்கிய முயற்சி வங்கியானது 1983-இல் அரசு தனிச் சட்டம் போட்ட பிறகுதான், அதே வங்கியிலிருந்து 2011-இல் வயது வரம்பைக் காட்டி அவரை வெளியேற்றியதும் அரசு அமைப்புதான். கொள்கையைக் கண்டுகொள்ளாமல் சமூகத் தொழில் நடத்திவிடலாம் என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

நிறுவனம், அரசு, சமூக நோக்கம் மூன்றும் ஒரே இடத்தில் கூடியது கென்யாவின் எம்-பெசா, கைபேசி வழியாகப் பணம் அனுப்பும் சேவை. வோடஃபோனும் பிரிட்டிஷ் அரசின் உதவி நிதியும் செலவைப் பகிர்ந்துகொண்டன. சிறுகடனைத் திருப்பிக் கட்டும் வசதியாகத்தான் சோதித்தார்கள்; மக்கள் அதை ஒருவருக்கொருவர் பணம் அனுப்பப் பயன்படுத்தினார்கள். அதைக் கவனித்துத் திட்டத்தையே மாற்றி 2007-இல் வெளியிட்டார்கள், மத்திய வங்கியும் தனிச் சட்டம் வரும்வரை காத்திருக்காமல் அனுமதித்தது.

அதனால் என் வரிசை இது. முதலில் சில ஆண்டுகள் நிறுவனம், ஒரு பொருளைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் அளவுக்கு. அப்புறம் அரசு, ஆலோசகராக எட்டிப் பார்ப்பதற்கு இல்லை, ஒரு கோப்பு ஏன் நகரவில்லை என்பது புரியும்வரை உள்ளே உட்கார்ந்து வேலை செய்ய. சமூகத் தொழில் அதற்குப் பிறகு. சட்டமோ பொருளாதாரமோ படித்தவர் கொள்கையிலிருந்தே தொடங்கலாம். ஆனால் யாராக இருந்தாலும் சமூகத் தொழிலுக்கு முதல் நிதி வாங்கும் முன், பயன்படுத்துபவர்கள் 'வேண்டாம்' என்று சொன்னால் அது உங்கள் அடுத்த மாத வேலையை எப்படி மாற்றும் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அதை நிதி கொடுப்பவரிடமும் காட்டிவிடுங்கள்.