பேயா, சாபமா, நேர்த்தியா? நாளைய வன்னிக் கதைக்கு ஒரு சண்டை தேடி

இலங்கையின் வடக்கே வன்னியில், சூழலோடு ஒத்துப்போன நல்ல எதிர்காலத்தைக் கதையாக எழுத வெளிக்கிட்டால் மூன்றாம் பக்கத்திலேயே இறுகிவிடும். குளம் நிறைந்து வான் பாய்கிறது, கூரையெல்லாம் சூரியத் தகடு, வீரை மரமும் பாலை மரமும் திரும்ப வளர்ந்துவிட்டன, சனமும் நல்ல சனம். பிறகு யார் யாரோடு அடிபடுவது? நாட்டார் கதையிலிருந்து சண்டையை எடுக்கலாம் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவது பேய். காடேறி, கொத்தி, முனி என்று எங்களிடம் பஞ்சமில்லை. கருக்கல் நேரத்தில் பாலைமரத்தடியில் ஒன்றை நிறுத்தினால் வாசிக்கிறவர் பயப்படுவார், சரி. ஆனால் பேயை விரட்டக் கழிப்புக் கழித்தால் கதை முடிந்தது. காட்டோடு உறவாய் வாழ்வதைச் சொல்ல வந்த கதையில் காட்டையே எதிரியாக்குவது வேறு எனக்கு ஒவ்வவில்லை.

அடுத்தது சாபம். மதுரையை எரித்த கண்ணகி முல்லைத்தீவு வற்றாப்பளைக்கு வந்து அம்மனாய் இருந்தது இங்கே குழந்தைக்கும் தெரியும், விளக்கம் தேவையில்லை, அது பெரிய வசதி. காட்டை வெட்டினார்கள், அம்மன் கோபித்தாள், ஊருக்கு அம்மை வந்தது. பலரும் இப்படித்தான் எழுதுவார்கள், நானும் எழுதினேன். அம்மனுக்கு எதிராக வாதாட ஆளில்லாததால் சரியும் பிழையும் முதலே பிரிந்துபோய்க் கதை பிரசங்கமாகிவிட்டது.

அதே கதையின் மற்றப் பாதியை நான் கவனிக்கவில்லை. நந்திக்கடலோரம் மாடு ஆடு மேய்த்த பொடியள் கிழவியாய் வந்தவளுக்குப் பொங்கிக் கொடுத்தார்கள், விளக்குக்கு எண்ணெய் இல்லை, கடல் தண்ணீரில் ஏற்றச் சொன்னாள், எரிந்தது. இன்றும் வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கரையில் உப்புத் தண்ணீர் எடுத்துத்தான் விளக்கு. கடல் உயர்ந்து உப்பு வயலுக்குள் ஏறுகிற காலத்தில் இதை வைத்துப் பாருங்கள்: கமக்காரர் உப்பைத் தடுக்க அணை கேட்கிறார்கள், இறால் பிடிக்கிறவர்களுக்கு முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும், இரண்டு பக்கமும் அதே விளக்கைத்தான் காட்டுகின்றன. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, இது சாபத்தைவிட எவ்வளவோ மேல்.

அதனால்தான் மூன்றாவதுக்கு வந்தேன், நேர்த்தி, அதாவது தெய்வத்துக்குக் கொடுத்த வாக்கு. குளக்கட்டில் இருக்கிற ஐயனாருக்கு முன்னோர் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள், கடைசி வயலுக்குப் பாயாமல் குளத்துத் தண்ணீர் வெளியே போகாது என்று (இது நான் கட்டியது, ஆனால் நம்பக்கூடியது). வறண்ட வருசம் ஒன்றில் வடக்கே ஒரு பட்டினம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறது. இதை நான் வானத்திலிருந்து பிடுங்கவில்லை. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தது தெரிந்ததுதானே. 36 அடி நிறைகிற குளம்தான், என்றாலும் மழையில்லாத காலத்துச் சிறுபோக விதைப்புக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டம் வைத்துப் பங்குபோடுகிற சனம் அது. கேட்டவர்களுக்கும் தாகம்தான், வில்லன் ஒருவனும் இல்லை. பிறகு யாழ்ப்பாணத்துக் கிழக்குக் கரையில், தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வந்தபோது, அங்கே கடற்றொழிலாளர் எதிர்த்தார்கள். ஒரு தீர்வு அடுத்த சண்டையைப் பெற்றுப்போடுகிறது, கதைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்.

குறையும் உண்டு. துருசு (குளத்து மதகு), அலைகரை (குளத்து நீரோரம்) தெரியாதவருக்கு விளக்கியே பாதிக் கதை போய்விடும், கூட்டத்துக்கு மேல் கூட்டமாய் இழுபடும். இன்னொன்று, அந்தக் காலத்தில் ஐயனாருக்கு மடை வைத்துப் படைக்க யாரை விட்டார்கள், யாரைத் தள்ளி நிற்க வைத்தார்கள் என்ற கேள்வியைத் தொடாமல் நேர்த்தியைப் புனிதமாக்கினால் அது பொய்க் கதை. தொட்டால், எட்ட நின்றவரின் பேரப்பிள்ளை வந்து “எங்களைக் கேட்டோ வாக்குக் குடுத்தனீங்கள்?” என்று கேட்கலாம், அப்போது சண்டை இன்னும் சூடு.

இப்போதைக்கு என் கதையில் துருசுத் திறப்பைப் பேத்தி இடுப்பில் செருகிக்கொண்டு குளக்கட்டில் நிற்கிறாள். “அப்பு, நேர்த்தி வைச்சது ஐயனாருக்கோ, வாய்க்காலுக்கோ?” என்கிறாள். நாலு பக்கம் எழுதியும் கிழவர் இன்னும் வாயே திறக்கவில்லை.